ஏற்காடு ஏறி இறங்கும் காரில் புகை வந்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

பட்டறைக்குப் போன் செய்பவர்களுக்கு முதல் வார்த்தையே புகையின் நிறம்தான். "வெள்ளையா வருதுண்ணா, கேஸ்கெட் போயிடுச்சா?" என்பார்கள். கேஸ்கெட் என்பது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு. கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவும் வரும். அந்த வீடியோவை வைத்து நான் எதுவும் சொல்வதில்லை. வெயில் பட்டால் நீலப் புகையும் வெளுப்பாகத் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் வெறும் நீராவியும் நீலம் அடிக்கும். நான் திருப்பிக் கேட்பது வேறு. புகை எப்போது வருகிறது? ஸ்டார்ட் செய்தவுடனா, மலை ஏறும்போதா, இறங்கி முடித்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதா? எவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறது? என்ன வாசனை? இதற்குப் பதில் கிடைத்தால் நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து ரோட்டு நெரிசலில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் கோளாறு, ஒருமுறை மேலே போய் வந்தால் வெளியே வந்துவிடும். ஆனால் கூலன்ட் குறைகிறது, டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்றால் இந்தச் சோதனையே வேண்டாம். நேராகக் கீழே உள்ள வெள்ளைப் புகைப் பகுதிக்குப் போங்கள்.

முதலில்: புகை சைலன்சரிலிருந்துதான் வருகிறதா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடிவாரத்தில் ஓரங்கட்டி நிற்கும் கார்களில் பலவற்றுக்கு இன்ஜினில் ஒரு குறையும் இருக்காது. இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே கால் வைத்து வந்திருப்பார்கள்.

*சக்கரத்திலிருந்து புகை, கருகிய நெடி.* நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து பாருங்கள். முன் இரண்டு சக்கரத்திலும் ஒரே அளவு நெடி என்றால் பிரேக் சூடாகிவிட்டது, அவ்வளவுதான். சமதளத்தில் கியரில் போட்டு, டயருக்குக் கல் வைத்து ஆற விடுங்கள். சூட்டோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்க வேண்டாம். யாராவது "தண்ணி ஊத்துங்க சார்" என்று பாட்டிலோடு வருவார்கள், கேட்காதீர்கள். காய்ந்த டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். ஆறியபின் பெடலை மிதித்துப் பாருங்கள். கெட்டியாக நின்றால் கிளம்பலாம். பஞ்சு போல உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது, வண்டியை நகர்த்தாமல் ஆளைக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு சக்கரம் மட்டும் புகைந்தால் அது ஓட்டியவர் குறை அல்ல, பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் விடாமல் பிடித்திருக்கும். அடுத்த முறை இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

*ஏறும்போது முன்பக்கத்தில் கருகிய நாற்றம், இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை.* கிளட்ச். வளைவில் அரை கிளட்ச்சில் தாங்கிப் பிடித்ததால் வந்தது. அரை மணி நேரம் விட்டால் சரியாகலாம். மறுநாள் சமதளத்திலும் வழுக்கினால் கிளட்ச் பிளேட் செலவு நிச்சயம்.

*பானெட் இடுக்கிலிருந்து வெள்ளை ஆவி.* ரேடியேட்டர் அல்லது ஹோஸ். இன்ஜினை அணையுங்கள். மூடியைத் திறக்கக் கூடாது, முக்கால் மணி நேரத்துக்காவது.

*பானெட்டுக்கு அடியில் நீலமாக, எண்ணெய் கருகும் வாசனை.* மேலே உள்ள டாப்பெட் கவர் பேக்கிங்கில் ஆயில் கசிந்து, சூடான மேனிபோல்டில் சொட்டுகிறது. சிறிய செலவு. ஆனால் தீப்பிடிக்க வாய்ப்புள்ள இடம் என்பதால் தள்ளிப் போட வேண்டாம்.

இந்த நான்கும் இல்லை, புகை பின்னால் குழாயிலிருந்துதான் என்றால் தொடர்ந்து படியுங்கள். ஒரு வெள்ளைக் காகிதத்தைச் சைலன்சர் வாய்க்கு ஓரடி தள்ளி, ஐடிலிங்கில் சற்று நேரம் பிடியுங்கள். வெறும் ஈரம் பட்டுக் காய்ந்தால் தண்ணீர். மஞ்சள் விளிம்போடு பிசுபிசுப்பான புள்ளி நின்றால் ஆயில். கறுப்புப் பொடி ஒட்டினால் பெட்ரோலோ டீசலோ சரியாக எரியவில்லை. கண்ணைவிடக் காகிதம் நம்பகமானது.

வெள்ளைப் புகை, காலையில் மட்டும், கொஞ்ச நேரத்தில் மறைகிறது

மார்கழியில் ஏற்காட்டில் இரவு தங்கிய கார் எல்லாமே விடியற்காலையில் இப்படித்தான் செய்யும். சைலன்சருக்குள் தேங்கிய ஈரம் ஆவியாகிறது. குழாய் வாயில் தண்ணீர் சொட்டுவதும் இதில் சேர்த்திதான். ஐந்து பத்து நிமிடத்தில் நின்று, வாசனையும் இல்லை என்றால் வண்டியில் ஒன்றுமில்லை. இதற்கென்று பட்டறைக்கு வந்து, ஏதாவது செய்துகொடுங்கள் என்று நிற்பவர்களை நான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

டீசல் வண்டியாக இருந்து, புகையில் பச்சை டீசல் நெடி அடித்து, கண் எரிந்து, இன்ஜின் ஒரு சிலிண்டர் விட்டு அடிப்பது போல நடுங்கினால் கதை வேறு. வரிசையாகப் பாருங்கள்:

முதலில் ஹீட்டர் பிளக். சாவியைப் போட்டதும் மீட்டரில் சுருள் விளக்கு எரிகிறதா, அது அணையும்வரை பொறுத்து ஸ்டார்ட் செய்கிறீர்களா? பொறுத்தும் புகைந்தால் பிளக்கில் ஒன்றிரண்டு செத்திருக்கும். சேலம் வெயிலில் இது தெரியவே தெரியாது, மலையில் ஒரு இரவு நின்றால் தெரிந்துவிடும். அடுத்து டீசல் ஃபில்டரில் தண்ணீர். அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால் தண்ணீர் கீழே தனியாக நிற்கும். இரண்டும் சரி என்றால் இன்ஜெக்டர். அது பம்ப், நாசில் பார்க்கும் கடை வேலை. சாதாரணப் பட்டறையில் கழற்றிக் கழுவி மாட்டுவதில் பயனில்லை.

வெள்ளைப் புகை, இன்ஜின் சூடான பிறகும் நிற்கவில்லை

எல்லோரும் பயப்படும் இடம் இதுதான், பயப்படவும் வேண்டிய இடம். புகை அடர்த்தியாக இருக்கும், காரைத் தாண்டி ரோட்டில் மிதக்கும், லேசாகத் தித்திப்பு வாடை அடிக்கும். கூலன்ட் எரிகிறது என்று பொருள்.

அதற்காக எடுத்தவுடன் ஹெட்டை இறக்க வேண்டியதில்லை. கூலன்ட் உண்மையிலேயே உள்ளேதான் போகிறதா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவில் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். ஊருக்குள் இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு, அதே ஆறிய நிலையில் மறுபடி பாருங்கள். கோடு அப்படியே இருந்தால் கூலன்ட் பயம் பெரும்பாலும் வேண்டாம். குறைந்திருந்தால், வெளியில் எங்கே போகிறது என்று தேடுங்கள்: ரேடியேட்டர் மூடி ரப்பர், ஹோஸ் கிளிப், வாட்டர் பம்ப் அடியில் வெளுத்த கறை, உள்ளே இடது பக்கக் கால் மிதியடியில் ஈரம். நிறையப் பேருக்கு ஒரு மூடியோடு முடிந்துவிடும். பல வருடம் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் ரேடியேட்டர் உப்பு பிடித்து, அதுவே சூடேறக் காரணமாகியிருக்கும்.

வெளியில் எங்கும் கசிவு இல்லை என்றால் நான்கு சோதனை. எதற்கும் பெரிய கருவி தேவையில்லை.

காலை முதல் ஸ்டார்ட்டில், ரேடியேட்டர் மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். இன்ஜின் இன்னும் சூடாகவே இல்லை, ஒரு நிமிடத்துக்குள் ஹோஸ் கல்லாக இறுகுகிறது என்றால் சிலிண்டர் காற்று தண்ணீர்ப் பாதைக்குள் வருகிறது.

இன்ஜின் முழுக்க ஆறிய நிலையில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் ஓரிரு குமிழி வருவது சகஜம். விடாமல் வந்து, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் கேஸ்கெட் போயிருக்கிறது.

டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஆனால் ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மட்டும் இப்படி ஒட்டியிருந்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் அது வேறு. ஆஸ்தம்பட்டிக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் இன்ஜின் முழுச் சூடு வராமல் உள்ளே ஈரம் படிவது அது. அந்த ஒன்றைக் காட்டியே ஹெட் வேலைக்கு ரேட் பேசுபவர்கள் உண்டு. ஜாக்கிரதை.

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்று பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல் இருந்தால், தண்ணீர் இறங்குவது அந்தச் சிலிண்டரில்.

இரண்டு சோதனையாவது சேர்ந்து ஒத்துப் போனால் அதற்கு மேல் நீங்கள் பார்க்க வேண்டியது இல்லை. பட்டறையில் கூலன்ட் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். புகை வாயு கூலன்ட்டில் இருக்கிறதா என்று காட்டும் திரவச் சோதனையும் உண்டு, நீலத் திரவம் மஞ்சளாக மாறினால் சந்தேகமே இல்லை. டீசல் வண்டியாக இருந்தால் ஹெட்டை இறக்கும் முன் ஈஜிஆர் கூலரை (இன்ஜினுக்கே திரும்பிப் போகும் புகையைக் கூலன்ட்டால் ஆற்றும் பாகம்) பார்க்கச் சொல்லுங்கள். அது உள்ளுக்குள் ஓட்டையானாலும் இதே வெள்ளைப் புகைதான். செலவு ஹெட் வேலையைவிடக் குறைவு.

ஹெட்டை இறக்கிவிட்டார்கள் என்றால் லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்காமல் புது கேஸ்கெட்டைப் போட விடாதீர்கள். ஒருமுறை நன்றாகக் காய்ந்த அலுமினிய ஹெட் கோணாமல் இருப்பது அபூர்வம். கோணல் ஹெட்டில் போட்ட கேஸ்கெட் அடுத்த மலைப் பயணத்திலேயே போய்விடும், அப்புறம் கேஸ்கெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

உடனே நிறுத்த வேண்டிய கட்டம்: முள் சிவப்பைத் தொட்டால், வளைவு எண் எதுவாக இருந்தாலும் சரி, ஓரங்கட்டி அணையுங்கள். "இன்னும் ரெண்டு வளைவுதானே" என்று ஏற்றியவர்களின் ஹெட்தான் லேத்துக்கு வருகிறது. காய்ந்த இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் ஹெட் விரிசல் விடும். அதேபோல, இரவு நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட்டர் ஒரு 'டக்' சத்தத்தோடு நின்றுபோனால் மறுபடி சாவியைத் திருகாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கலாம். திருகினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

நீலப் புகை

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. எங்கே என்பதைப் புகை வரும் நேரம்தான் சொல்லும்.

*சர்வீஸ் முடிந்த மறுநாளிலிருந்து.* டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருப்பார்கள். அதிகமானதை இறக்கினால் தீர்ந்தது.

*காலை ஸ்டார்ட்டில் ஒரு பொதி, பிறகு சுத்தம்.* வால்வு சீல், அதாவது வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர். அது இறுகி, இரவெல்லாம் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கும். உடனடி ஆபத்து இல்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்: நீங்கள் போய்ச் சேரும் முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் இந்த அறிகுறி தெரியாது. பேச்சைத் தொடங்கும் முன் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், "நாளைக்குக் காலையில வர்றேன், ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

*இறக்கம் முடிந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது.* மலைப் பாதை காட்டிக்கொடுக்கும் அறிகுறி என்றால் இதுதான், பெட்ரோல் வண்டிக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. இரண்டாம் கியரில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வளைவு வளைவாக இறங்கும்போது இன்ஜினுக்குள் உறிஞ்சும் வேகம் கூடும். வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு தேய்ந்திருந்தால் அதன் வழியே ஆயில் உள்ளே போகும். அடிவாரம் தாண்டி நேர் ரோட்டில் மிதித்ததும் கண்ணாடியில் ஒரு நீல மேகம் தெரியும், அப்புறம் மறைந்துவிடும். பின்னால் வேறொரு வண்டியில் ஆள் வந்து பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. இறங்கி மிதிக்கும்போது மட்டும் வந்து, ஏறும்போது வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் சீலிலும் கைடிலும்தான். இதற்கு 'ஃபுல் இன்ஜின் வேலை' என்று யாராவது சொன்னால் வேறு பட்டறையில் ஒரு வார்த்தை கேளுங்கள். பல இன்ஜின்களில் ஹெட்டை இறக்காமலே, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கி வைத்து சீல் மாற்ற முடியும். கைடே ஆடினால்தான் ஹெட் இறங்க வேண்டும்.

*ஏறும்போது, பாரத்தில், மிதிக்க மிதிக்கக் கூடுகிறது.* சந்தேகம் பிஸ்டன் ரிங் பக்கம் போகிறது. அதற்கு முன் ஒரு சின்ன வேலை: பிசிவி வால்வு, அதாவது இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே உறிஞ்ச விடும் சின்ன வால்வு. கழற்றி ஆட்டினால் பெரும்பாலும் கலகலக்க வேண்டும். பிசின் பிடித்து அசையாமல் இருந்தால் மாற்றுங்கள், விலை பெரிதில்லை. அது சரி என்றால், ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறந்து வாயில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. புஸ் புஸ்ஸென்று மேலே தூக்கினால் ரிங் காற்றை விடுகிறது. பட்டறையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றழுத்தம்) பார்க்கும்போது ஒன்றைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்: குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு. ஐந்து நிமிட வேலை. பெரிய செலவைத் தீர்மானிப்பது இதுதான்.

ரிங் என்று உறுதியான பிறகும் உடனே இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்குக் கீழே குடிக்கும் பழைய வண்டியை, வாராவாரம் டிப் ஸ்டிக் பார்த்து ஊற்றி ஓட்டுவதில் தவறில்லை. அதைத் தாண்டினால் எண்ணெய் பிளக்கைக் கெடுக்கும், கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். வேலை செய்துவிடுவதே மலிவு. புகையை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவது விற்கப் போகிறவர் வேலை, வைத்திருக்கப் போகிறவர் வேலை அல்ல.

இடையில் ஒன்று. புகைப் பரிசோதனைச் சான்று கையில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பெட்ரோல் காருக்கு நிறுத்தி வைத்த நிலையில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் போன்ற வாயுக்களைத்தான் பார்க்கிறார்கள். இறக்கத்துக்குப் பின் மட்டும் நீலம் கக்கும் வண்டி அங்கே சுத்தமாகத் தேறிவிடும்.

*டர்போ வண்டியில், ஆயில் வேகமாகக் குறைகிறது, விசில் சத்தம் மாறியிருக்கிறது.* டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டர்கூலர் ஹோஸை ஒரு முனையில் கழற்றிப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. தேங்கி வழிந்தால் டர்போ சீல் போய்விட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். காரணம் கடைசியில் இருக்கிறது.

கறுப்புப் புகை

பெட்ரோல் காரில் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், காற்றுக் குறைவு. ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். கருப்பூர் பக்கம் மேக்னசைட் லாரிகள் ஓடும் ரோட்டில் தினமும் போய் வரும் வண்டியில், புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் வரும் முன்பே ஃபில்டர் மாவாகிப் போயிருக்கும். மாற்றியும் நிற்காமல், செக் இன்ஜின் விளக்கும் எரிந்தால் ஸ்கேனர் போடும் இடத்துக்குப் போங்கள். ஆக்ஸிஜன் சென்சார், காற்றளவு சென்சார், கசியும் இன்ஜெக்டர் என்று சந்தேகம் நிறைய. ஊகித்து ஒவ்வொன்றாக மாற்றினால் ஸ்கேனர் கூலியைப் போல் பல மடங்கு போகும். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி மேலே போனதும் கொஞ்சம் கறுக்கும். ஏற்காட்டு உயரத்தில் காற்று கீழே இருப்பதைவிட மெல்லியது, அதற்கு ஏற்ப பெட்ரோலைக் குறைத்துக்கொள்ள கார்புரேட்டருக்குத் தெரியாது. கீழே வந்ததும் சரியாகிவிட்டால் விட்டுவிடலாம்.

டீசலில் கறுப்பு வந்து, கூடவே வளைவில் வண்டி இழுக்கவில்லை, மிதித்தால் 'ஸ்ஸ்' என்று காற்று போகும் சத்தம் என்றால் டர்போ ஹோஸ் கிழிந்திருக்கிறது. எஸ்டேட்களில் நிற்கும் வண்டிகளுக்கு இது எலி செய்யும் வேலை. ஹோஸ் வளையும் இடத்தின் அடிப்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஈரமாக ஒட்டும் இடத்தில்தான் கிழிசல். சத்தம் இல்லை, இழுவையும் குறையவில்லை என்றால் ஏர் ஃபில்டர், பிறகு ஈஜிஆர் வால்வில் கரி, கடைசியில் நாசில்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் காரில் கறுப்புப் புகை வரவே கூடாது. கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் புகை போகும் பாதையில் இருக்கிறது. கறுத்தால் அந்த ஃபில்டர் உடைந்திருக்கும், அல்லது உங்களுக்கு முன் வைத்திருந்தவர் அதை எடுத்திருப்பார். புகை இல்லாமல் அந்த ஃபில்டர் விளக்கு மட்டும் எரிந்தால், ஊருக்குள்ளேயே ஓடி அடைத்துக்கொண்டது. ஓமலூர் வழியாக தருமபுரி ரோட்டில் ஒரே வேகத்தில் இருபது நிமிடம் விட்டால் பெரும்பாலும் தன்னையே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அப்போது கருகல் வாடை வந்தால் பதற வேண்டாம். விளக்கு மினுக்கத் தொடங்கிவிட்டாலோ இழுவை விழுந்துவிட்டாலோ சர்வீஸ் சென்டர்தான்.

டீசல் இன்ஜின் தானாகவே கத்துகிறது, பின்னால் ஒரே புகை மண்டலம்

அபூர்வம், ஆனால் வந்தால் யோசிக்க நேரம் இருக்காது. டர்போவிலிருந்து வரும் ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு இன்ஜின் ஓடுகிறது. சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டி என்றால் இருப்பதில் உயர்ந்த கியரைப் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்ச்சை விட்டுவிடுங்கள். இன்ஜின் திணறி நின்றுவிடும். கிளட்ச் கருகினால் கருகட்டும். ஆட்டோமேட்டிக் என்றால் இந்த வழி இல்லை. ஓரங்கட்டி, ஆட்களை இறக்கி, வண்டியின் நேர்ப் பக்கவாட்டில் நிற்காமல் தூரமாகப் போய்விடுங்கள். பானெட்டைத் திறந்து காற்றுக் குழாயைக் கையால் அடைக்க முயலக் கூடாது.

நின்ற பிறகு அந்த இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இன்சூரன்ஸோடு ரோட்டோர உதவி எடுத்திருந்தால் அந்த எண்ணுக்குப் பேசி, கயிறு கட்டி இழுக்கும் வண்டியாக இல்லாமல் மேலே ஏற்றிக்கொண்டு வரும் வண்டியாகக் கேளுங்கள். எந்த வளைவில் நிற்கிறீர்கள் என்பதை ரோட்டோரப் பலகையைப் பார்த்துச் சொன்னால் வருகிறவருக்குத் தேடும் வேலை மிச்சம்.